அழுகைக்கு மோராக் சொன்ன சொல்

தம்பி,

போன மாதம் நீ எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய். கிளாஸ்கோவில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் அழுவதை ‘கிரீற்’ என்று சொல்கிறார்கள் என்றும், உன் அப்பா செத்துப்போன கதையைக் கேட்ட ஒருவன் ‘நல்லாக் கிரீற் பண்ணினாயா’ என்று உன்னைக் கேட்டான் என்றும், நாங்கள் படித்த இங்கிலீஷில் அது வணக்கம் சொல்வது என்பதால் யாருக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறான் என்று தெரியாமல் நீ விழித்தாய் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் சிரிக்கிற முகம் ஒன்று. அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று மட்டும் பதில் போட்டேன். நீ பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். எனக்கு அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. அந்தச் சொல் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது நீ பிறப்பதற்கு முன்பு. எப்படி வந்தது என்று நானும் உனக்குச் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. கைபேசியில் தட்டி அனுப்புகிற கதை இல்லை அது. அதனால் பூசைக்குப் போய் வந்து, குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

நானும் அப்பாவும் கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, சமைக்க ஒரு சின்னக் குசினி. வீட்டுக்காரி மோராக் கீழே தனியாக இருந்தார். ஸ்கொட்லாந்தில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்து, கலியாணம் முடித்துக் கப்பலில் இங்கே வந்தவர். புருஷன் செத்து நெடுநாள். உயரமான, எலும்பான மனுஷி. எந்தக் குளிரிலும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். நான் மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். அந்த இங்கிலீஷை நம்பித்தான் எங்கே போனாலும் அப்பா என்னைக் கதைக்க முன்னுக்கு அனுப்புவார். ஆனால் மோராக் வாயைத் திறந்தால் எனக்குப் பாதி விளங்காது. என்னை ‘ஹென்’ என்று கூப்பிடுவார். கோழி என்று ஏன் சொல்கிறார் என்று எனக்குள்ளே மனத்தாங்கல். நீ வயிற்றில் இருந்த நேரம், அடைக்கோழி என்று பகிடி பண்ணுகிறாராக்கும் என்று நினைத்தேன். அவருடைய ஊரில் பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நாட்களில் எங்கள் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. எதைச் செய்தாலும் அதைச் சாட்டாக வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அப்பாவுக்கு. அடுத்த தெருவில் ஒரு அப்பார்ட்மென்றில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று இருந்தது. ஊரில் அவர்களுடைய தகப்பன் செத்த செய்தி வந்த அன்று பெண்கள் குழறி அழுதிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாரையோ அடித்துக் கொல்கிறார்கள் என்று நினைத்துப் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். இடுப்பில் துவக்கோடு வந்தவர்களை வாசலில் கண்டதும் அந்தப் பெண்கள் அழுகையை விழுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்களாம். அப்பா அந்த இடத்தில் இருந்தவர். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுத்தான் என்னிடம் அதைச் சொன்னார். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு இங்கேயும் வாசலில் துவக்கு நின்றால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

ரெலிபோன் கீழே, மோராக்கின் வாசலடிச் சுவரில் மாட்டியிருந்தது. ஒரு நாள் காலை கொழும்பிலிருந்து என் சித்தி எடுத்தார். ஜூட் செத்துவிட்டான் என்றார். ஜூட் என் தம்பி, உன் மாமா. நீ படத்தில் மட்டும் கண்ட ஆள். பேக்கரியில் பாண் வாங்க வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. பாதைகள் பூட்டியிருந்ததால் செய்தி கொழும்புக்கு வந்து சேருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. சித்தி சொல்லச் சொல்ல நான் ‘ஓம், ஓம்’ என்று கேட்டுக்கொண்டு நின்றேன். ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் மோராக் தன் அறை வாசலில் நிற்கிறார். எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. என் முதுகைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும். நான் ‘நோ ப்ராப்ளம்’ என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

அப்பா வேலையால் வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்துவிட்டார். ஜூட் அவருக்கு மைத்துனன் ஆவதற்கு முன்பே கூட்டாளி. ஒன்றாகப் பந்தடித்தவர்கள், ஒன்றாகக் கடலுக்குப் போய்க் குளித்தவர்கள். எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்ததே ஜூட்தான். அப்பாவைக் கண்டதும் எனக்கு நெஞ்சுக்குள் இருந்து அழுகை கிளம்பி வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார்.

“இஞ்சேரும், மெல்ல. கீழை ஆள் இருக்கு. பொலிஸ் வந்தால் எங்கடை கேஸுக்குக் கூடாது.”

நான் வாயை மூடினேன். அவரிலும் பிழை சொல்ல மாட்டேன். பயம் அப்படி. அடுத்தடுத்த நாட்களும் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், செபமாலை சொன்னேன். சோற்றைக் குழைத்துவிட்டுச் சாப்பிடாமல் மூடி வைத்துவிடுவேன். வயிற்றில் நீ அசைந்தால்கூட அது வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. ஊரில் என்றால் வீடு நிறையப் பெண்கள் வந்து என்னைக் கட்டிப் பிடித்து அழவைத்திருப்பார்கள். இங்கே உடல் இல்லை, பெட்டி இல்லை, கோயில் மணி இல்லை. செத்தவனுக்காகச் செய்வதற்கு என்று என்னிடம் இருந்தது ஒரு அழுகைதான். அதற்கும் இடம் இல்லை.

ஒரு மத்தியானம், அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், மோராக் ஒரு பானையில் பார்லி சூப்போடு மேலே வந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வந்து, கட்டிலில் இருந்த என் முகத்தைப் பார்த்தார்.

“ஹாவ் அ குட் கிரீற், ஹென்,” என்றார்.

அதிசயமாக அன்று ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிரீற் என்றால் வந்தவர்களுக்கு முகமன் சொல்வது. பள்ளிக்கூடத்தில் மதர் எங்களை எழுப்பி நிறுத்திக் கைகூப்ப வைத்து அந்தச் சொல்லைப் பழக்கியவர். துக்கத்தில் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவருக்கு ஒழுங்காக வணக்கம் சொல்ல வேண்டாமா என்று இந்த மனுஷி என்னைக் கண்டிக்கிறார் என்று நினைத்தேன். வாடகைக்கு இருக்கிற வீடு, வழக்கு முடியாத ஆட்கள். கட்டிலில் இருந்து எழும்பினேன். கலைந்து கிடந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கினேன். உடுப்பை இழுத்து நேராக்கினேன். இரண்டு கையையும் கூப்பி, ‘குட் ஆஃப்ரநூன், மேடம்’ என்றேன். சிரித்தும் இருக்கிறேன். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

மோராக்கின் முகம் உடைந்து போனது. பானையை நிலத்தில் வைத்தார். கட்டில் நுனியில் இருந்து, ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். நான் என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல், கூப்பிய கையை எடுக்கவும் தெரியாமல் நின்றேன். பிறகு அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து இருத்தி, என் கையை எடுத்துத் தன் ஈரமான கன்னத்தில் வைத்தார்.

“திஸ், ஹென். திஸ் இஸ் கிரீற்றிங்.”

கையில் அந்த ஈரம் பட்டதும் எனக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் பெண்கள் எப்படிக் குழறுவார்களோ அப்படிக் குழறினேன். மோராக் என்னை ஆட்டி ஆட்டி வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டார். தெருவிலேயே சத்தம் கேட்டிருக்கும். மூச்சு வாங்க ஓடி வந்தவரின் முகத்தில் இரத்தம் இல்லை. ‘சத்தம், சத்தம்’ என்று கையைக் காட்டிக்கொண்டு கதவடிக்கு வந்தார். மோராக் எழும்பிப் போய், கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி அவரை மறித்தார். இது தன்னுடைய வீடு என்றும், பொலிஸ் வந்தால் தான் கதைப்பேன் என்றும், அவள் அழட்டும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, நீயும் அழு மகனே என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கீழே இறங்கி, இடைப்படியில் போய் இருந்தார். நான் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார். அங்கே இருந்து அவர் என்ன செய்தார் என்று அன்று எனக்குத் தெரியாது.

பொலிஸ் வரவில்லை. வழக்கும் பிறகு சரிவந்தது. நீ பிறந்தாய். நீ அழுகிற சத்தம் கேட்டால் மோராக் கீழே இருந்து ‘த பெய்ர்ன்ஸ் கிரீற்றிங்’ என்று கத்துவார். பிள்ளை அழுகிறான் என்று அர்த்தம். நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நாங்கள் மில்லிக்கன் பக்கம் வீடு மாறி வந்துவிட்டோம். அப்பாவுக்கு பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை. நத்தார்ப் பண்டிகைக்கு மோராக்கைக் கூட்டி வருவோம். உனக்கு அவர் மிட்டாய் தருகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவியாகத்தான் ஞாபகம் இருக்கும். நீ யூனிவர்சிற்றிக்குப் போன பிறகு அவருக்கு மறதி வந்தது. வீட்டை விற்று, அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

நான் அவரை அங்கே முதன்முறை பார்க்கப் போன நாளை மறக்க முடியாது. உள்ளே நுழைகிற கதவடியில் சக்கர நாற்காலியில் இருத்தியிருந்தார்கள். நெஞ்சில் ஒரு வட்ட அட்டை குத்தியிருந்தது. அதில் ‘கிரீற்றர்’ என்று பெரிய எழுத்தில் எழுதிப் பூவும் கீறியிருந்தார்கள். பொறுப்பாக இருந்த நேர்ஸ் சந்தோஷமாகச் சொன்னார்: மோராக் எந்த நேரமும் கிரீற் பண்ண வேண்டும், கிரீற் பண்ண வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதனால் பின்னேரங்களில் வாசலில் இருத்தி வருகிறவர்களை வரவேற்க விடுகிறோம், ஆட்களோடு பழக எவ்வளவு ஆசை பாருங்கள் என்று. அவர்கள் அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் மோராக்குக்குக் கை காட்டினார்கள், ‘ஹலோ’ சொன்னார்கள். மோராக் ஒவ்வொருவரையும் பார்த்து, ‘ஐ வான்ற் ரு கிரீற்’ என்றார். ‘நீங்கள் நல்லாத்தான் கிரீற் பண்ணுறீங்கள்’ என்று அவர்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மறதி அவரைச் சின்ன வயதுப் பாஷைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. அந்தப் பெரிய கட்டடத்தில் அந்தச் சொல் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அங்கே வயதானவர்களைப் பராமரிக்கிற பிலிப்பைன்ஸ் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, இந்த மனுஷி இவ்வளவு நாளும் அழுவதற்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை வாயில் கையை வைத்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறைக்குப் போய், திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நான் அட்டையைக் கழற்றினேன். இனி அழலாம் மோராக் என்றேன். என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அழுதார். அழுகைக்கு நடுவே ‘எல்ஸ்பெத்’ என்று ஒரு பெயரைச் சொன்னார்.

எல்ஸ்பெத் யார் என்று அவருடைய செத்தவீட்டில்தான் தெரிந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே மோராக் போய்விட்டார். ஹமில்ரனில் இருந்து வந்த பெறாமகள், மோராக்கின் சகோதரியின் மகள், சொன்னார்: கப்பல் ஏறுவதற்கு முன்பு ஊரில் மோராக்குக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்து செத்ததாம், அதுதான் எல்ஸ்பெத்தாம். மறந்துவிடு, அதைப் பற்றிக் கதைக்காதே என்று புருஷனும் டொக்டரும் சொன்னார்களாம். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லையாம். அன்றைக்கு என்னை அழவிட்டுக் கதவை மறித்து நின்ற மனுஷிக்கு, தன் பிள்ளைக்காக அழ ஒரு கதவை மறித்துக் கொடுக்க யாரும் இருக்கவில்லை.

செத்தவீட்டால் திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே அப்பா கேட்டார்.

“ஒரே எழுத்து, ஒரே சத்தம். ஒண்டு வணக்கம், மற்றது அழுகை. எப்பிடியப்பா ஒரு சொல்லுக்கு ரெண்டும் வரும்?”

அப்போது அவர் முதுகு நோவால் வேலையை விட்டிருந்த காலம். அடுத்த நாளே எங்கள் பக்கத்து நூலகத்துக்குப் போனார். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. மேசை நிறையத் தடித்த அகராதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசிப்பார். நூலகத்தில் இருந்த பிள்ளையும் இவர் வந்தால் கேளாமலே அந்தப் புத்தகங்களை எடுத்து வைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நேரம் அன்றைக்குக் கண்டுபிடித்ததை எனக்குச் சொல்வார். முதலில் நான் கேட்கிற மாதிரி இருந்தேன். பிறகு உண்மையாகவே கேட்டேன்.

இரண்டும் வேறு வேறு சொற்களாம். ஆயிரம் வருடத்துக்கு முந்திய இங்கிலீஷில் அழுகிற சொல்லை வாயை அகலத் திறந்து சொல்வார்கள். வணக்கம் சொல்கிற சொல்லை வாயை ஒடுக்கிச் சொல்வார்கள். காலம் போகப் போக இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டது. இங்கிலாந்தில் அழுகிற சொல் மெல்ல மெல்லச் செத்துப்போனது. அந்த இடத்துக்குப் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து ‘க்ரை’ வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் முதல் அர்த்தம் சத்தம் போட்டுக் கூப்பிடுவதுதானாம். ஸ்கொட்லாந்திலும் வடக்கிலும் மட்டும் பழைய சொல் சாகாமல் கிடந்தது. கோத் என்று ஒரு இனம் இருந்ததாம். அவர்களுடைய பாஷையைப் பேச இன்றைக்கு ஆள் இல்லை. அவர்கள் எழுதி விட்டுப்போனதில் அழுகைக்கு இந்தச் சொல்லின் உறவுதான் இருக்கிறது. ஐஸ்லாந்தில், சுவீடனில், நோர்வேயில் இன்றும் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் உயிரோடு இருக்கின்றன. நோர்வே என்று வாசித்ததும் அப்பா ஒஸ்லோவில் இருக்கிற ரஜனிக்கு, உன் மச்சாளுக்கு, ரெலிபோன் எடுத்தார். அழுகிறதுக்கு அங்கே என்ன சொல்வார்கள் என்று கேட்டார். “‘கிரோத்த’ எண்டு சொல்லுவினம் மாமா. ஏன், ஆர் அழுறது?” என்று அவள் பதறிவிட்டாள். அப்பா அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கடைசியாக ஒரு நாள் இன்னொன்று சொன்னார். இன்னும் பின்னுக்குப் போனால் அழுகிற சொல்லும் வணக்கம் சொல்கிற சொல்லும் ஒரே வேரில் இருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். அந்த வேருக்கு உரத்துக் குரல் கொடுப்பது என்று பொருளாம். அதற்கு ஆதாரம் போதாது என்கிறவர்களும் இருக்கிறார்களாம். அப்பா சோற்றில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். “எங்கடை பாஷையிலும் அழுறதும் அழைக்கிறதும் பக்கத்திலை பக்கத்திலைதானே நிக்குது,” என்றார். சத்தம் ஒத்துப்போனால் உறவாகிவிடுமா என்று நான் மறுத்தேன். அவர் விடவில்லை. அந்த வழக்கை நாங்கள் முடிக்கவே இல்லை. யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிறகு அப்பாவின் நுரையீரல் பழுதானதும் ஆஸ்பத்திரியும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்று இருக்கிறது. கடைசிக் கிழமையில், நீ கிளாஸ்கோவில் இருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்த அன்று மத்தியானம், அப்பா ஒட்சிசன் முகமூடியைக் கையால் விலக்கிவிட்டு என்னைக் கிட்ட வரச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று மூச்சு எடுத்தார்.

“அண்டைக்கு அந்தப் படியிலை இருந்தன். மோராக் என்னையும் அழச் சொன்னவ. நான் மாட்டன் எண்டு தலையாட்டினன். ஜூட்டுக்கு நான் இன்னும் அழேல்லை.”

அழுங்கோ, இப்ப அழுங்கோ என்று நான் சொன்னேன். அவர் முயன்றார், தம்பி. முகம் கோணியது, கண்ணீர் வழிந்தது, வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். அவரிடம் அது மிச்சம் இருக்கவில்லை. மெஷின் அலறத் தொடங்கியது. நேர்ஸ் ஓடி வந்து முகமூடியை மாட்டி, அவரைக் குழப்ப வேண்டாம் என்று என்னிடம் தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். நான் அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். இத்தனை வருடமும் சுமந்து திரிந்த ஒரு அழுகையை இறக்கி வைக்க முடியாமல் அந்த மனுஷன் போனார். நீ வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு இல்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நீதான் செய்தாய். பாதரோடு கதைத்தது, மண்டபம் எடுத்தது, மரண அறிவித்தல், சாப்பாடு, எனக்கு மருந்து. உடலைப் பார்வைக்கு வைத்த அன்று கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்று வந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாய். வந்ததுக்கு நன்றி அங்கிள், வந்ததுக்கு நன்றி அன்ரி என்று ஒருவரையும் விடாமல் சொன்னாய். ‘பெடியன் நல்ல ஸ்ரோங்’ என்று எல்லாரும் என்னிடம் வந்து மெச்சினார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை வந்து குனிந்து, “அம்மா, யூ ஓகே? தண்ணி கொண்டு வரவா?” என்று கேட்டாய். உன் கண் காய்ந்து, சிவந்து கிடந்தது. பூசையில் அப்பாவைப் பற்றி அழகாகப் பேசினாய். சேமக்காலையில் குழிக்குள் மண் போட்டாய். அடுத்த கிழமை திரும்பிப் போய்விட்டாய். விமான நிலையத்திலும் நான்தான் அழுதேன். நீ என் முதுகைத் தடவிவிட்டாய்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. அழு என்று ஒருவருக்குக் கட்டளை போடவும் முடியாது. உனக்குப் பெண்சாதி பிள்ளை வந்தால், அவர்கள் அழுகிற நேரம் ‘அழாதை’ என்ற சொல் உன் வாயில் முதலில் வரும். எல்லாருக்கும் அதுதான் வரும், அன்பில்தான் வரும். அந்த நேரம் வாயைக் கொஞ்சம் பொத்திக்கொள். அவர்கள் பக்கத்தில் இரு. கதவில் யாராவது வந்தால் நீ எழும்பிப் போய்க் கதை. அதற்கு மேல் ஒருவருக்காக ஒருவர் செய்யக்கூடியது எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. உனக்கே அழுகை வந்தால், நல்ல மூச்சு இருக்கிற காலத்திலேயே அழுதுவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லுவதா விடுவதா என்று இந்தக் கடிதம் முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன். போன ஞாயிறு நீ கதைத்தாய் அல்லவா. அங்கே விடாமல் மழை பெய்வதைச் சொன்னாய், கடையில் நல்ல கத்தரிக்காய் கிடைத்ததைச் சொன்னாய், சரி அம்மா பாய் என்றாய். போனை நீ சரியாக நிறுத்தவில்லை. சட்டைப் பையிலோ மேசையிலோ அப்படியே வைத்துவிட்டாய் போல. திறப்புக் கொத்துக் கிலுங்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது. பிறகு ‘அப்பா’ என்று ஒருக்கால் கூப்பிட்டாய். அதற்குப் பிறகு நீ அழுதது எனக்குக் கேட்டது.

வாய்வரை உன் பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டால் நீ நிறுத்திவிடுவாய், உடனே ‘நான் ஓகே அம்மா’ என்பாய் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அதற்குப் பக்கத்தில் இருந்தேன். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து இருப்பார்களே, அப்படி. அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழும்பினால் கதிரைச் சத்தம் உனக்குக் கேட்டுவிடும் என்று நான் எழும்பவில்லை. நீ அழுது முடித்து மூக்கைச் சிந்தி, ரேடியோவைப் போடும்வரை இருந்தேன். கறி கருகித்தான் போனது. அன்று பின்னேரம் பாணும் பட்டரும் சாப்பிட்டேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அம்மா